பாட்டு நின்றால் பதில் சொல்ல வேண்டும்

குளிர்காலக் காலை. குளியலறைக் கதவுக்கு அடியில் வெந்நீர் ஆவி வரும். உள்ளே என் மகள் மஞ்சுளா குளிப்பாள். குளித்துக்கொண்டே பாடுவாள்.

வெளியே அவள் அம்மா அம்சவேணி ரொட்டி தேய்ப்பாள். நான் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து வேலைக்குப் போகிற ஷூவை மாட்டுவேன்.

பாட்டு நிற்கும். ரொட்டிக் கட்டையும் நிற்கும்.

"மஞ்சு?"

"சோப்பும்மா."

மறுபடி பாட்டு. மறுபடி ரொட்டிக் கட்டை. நான் அடுத்த ஷூவை எடுப்பேன்.

ஹவுரா பக்கத்துச் சாந்த்ராகாச்சியில் எங்கள் காலை இதுதான். இப்போது நினைத்தாலும் அந்த ஆவியில் லைஃப்பாய் வாசனையும் சுட்ட ரொட்டி வாசனையும் சேர்ந்து வருகிறது. பாட்டைக் கேட்பவர்கள் சந்தோஷமான வீடு என்று நினைப்பார்கள். பொய் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டு சந்தோஷத்துக்காகப் பாடியது இல்லை.

கதவு சாத்தியிருக்கும். தாழ்ப்பாள் இருக்காது. அதைக் கழற்றியது நான்.

கையில் சாவி

மஞ்சு ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பிரேயர் வரிசையில் விழுந்தாள். வெயில் என்றார்கள். நாங்களும் வெயில் என்றே வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது முறை வீட்டில். சாப்பிட உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். கை கால் வெட்டியது. கண் மேலே போய்விட்டது.

யார்டில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. அந்த வேலைக்கு ஒரு சாவி உண்டு. கேரேஜ் சாவி என்போம், கேரேஜ் என்றால் ரயில் பெட்டி. பல் கிடையாது, முனையில் சதுரத் துளை இருக்கும். ரயிலில் எந்தக் கதவையும் அது திறக்கும். அன்றைக்கு என் இடுப்பில் அது இருந்தது. எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். இரும்பு பட்டால் நின்றுவிடும் என்று எங்கள் ஜோலார்பேட்டைப் பக்கம் சொல்வார்கள். சந்தில் போன முன்பின் தெரியாத ஒருவர் ஓடி வந்தார். காலில் இருந்த தோல் செருப்பைக் கழற்றி அவள் மூக்கில் வைத்தார். அது அவர் ஊர் வழக்கம்.

வலிப்பு நின்றது. சாவியாலா செருப்பாலா என்று எங்களுக்குள் ஒரு சந்தேகம்கூட இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டும் இல்லை என்றார். அது தானாகவே நிற்கும். ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். பக்கத்தில் இடிக்கிற சாமானை நகர்த்தணும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கூடவே இருக்கணும். நிற்காமல் போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரணும்.

"அவ்வளவுதானாம்மா?" என்றேன்.

"அவ்வளவுதான். சும்மா கூட இருக்கிறதுதான் கஷ்டம்," என்றார்.

அவர் சொன்னது சரி. எனக்கு அது கடைசிவரை கஷ்டமாகத்தான் இருந்தது.

அங்கே விழுந்தா?

மாத்திரை பிடித்தது. வலிப்பு குறைந்தது. மாதக்கணக்கில் வராது. அதற்குள் வேறு ஒன்று வந்துவிட்டது.

பள்ளிக்கூட நாளில் காலையில் வயிறு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. பிளாட்பாரத்தில் நின்றால் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பாள். தலையில் கிளிப் குத்த மாட்டாள், விழுந்தால் குத்தும் என்று. காம்பஸ் பாக்ஸைப் பையில் வைக்க மாட்டாள்.

எங்கே கூப்பிட்டாலும் ஒரே கேள்வி. காளிகாட் கோயிலுக்குப் போகலாமா? அங்க விழுந்தா? மிருகக்காட்சி சாலை? அங்க விழுந்தா? துர்கா பூஜைக்குப் பந்தல் பார்க்க? அவ்வளவு ஜனத்துல விழுந்தா?

அவள் கேட்டது தப்பில்லை. அதனால் போகாமலே இருந்துவிடுவோம்.

குளியலறைத் தரை சிமெண்ட். ஓரத்தில் கல் மேடை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுந்தால் என்ன ஆவது? நான் தாழ்ப்பாளைக் கழற்றினேன். அம்சா அதற்கு மேலே ஒரு சட்டம் போட்டாள்.

"பாடிக்கினே குளி. பாட்டு வந்தா நீ நல்லா கீறன்னு அர்த்தம். நின்னா நான் வருவேன்."

"இன்னா பாட்டும்மா பாடறது?"

"எதையாவது பாடு. சத்தம் வந்தா போதும்."

அம்சா கும்மிப் பாட்டு சொல்லிக் கொடுத்தாள். மஞ்சு பள்ளிக்கூடத்து வங்காளிப் பாட்டுகளையும் பாடுவாள். சினிமாப் பாட்டும் வரும். எல்லாம் தீர்ந்தால் ஸ்டேஷன் பேரைப் பாடுவாள். அதை நான் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு என் சித்தப்பா.

ஜன்னல் சித்தப்பா

இங்கே சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து வேலைக்கு இங்கே வந்தபோது தம்பியையும் கூட்டி வந்தார். தம்பிக்கு வலிப்பு. எங்கள் வீட்டில் காக்கா வலிப்பு என்பார்கள். ஊரில் விட்டால் பார்க்க ஆள் இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் தண்டவாளத்தைப் பார்த்த ஒரு ஜன்னல் இருந்தது. சித்தப்பா அந்த ஜன்னலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னாலும் தகும்.

வெளியே விட மாட்டார்கள். தண்டவாளம் பக்கத்தில் இருக்கிறதே. குளத்துப் பக்கமும் விட மாட்டார்கள். அடுப்புப் பக்கம் கிடையாது. கல்யாணம் பேசவில்லை. அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். மீனில் நடுத்துண்டு அவருக்குத்தான்.

சத்தத்தை வைத்தே ரயிலைச் சொல்வார். இது பார்சல், இது லோக்கல், இது இஞ்சின் மட்டும் போகுது என்பார். சரியாக இருக்கும். ஹவுராவிலிருந்து வரிசையாக ஸ்டேஷன் பேரை ராகம் போட்டுச் சொல்வார். அப்பாவிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தது. ஹவுரா, டிகியாபாடா, தாஸ்நகர், ராம்ராஜாதலா... சாந்த்ராகாச்சி வரும்போது குரலை இழுத்து நிறுத்துவார். அது நம்ம ஊர். அப்புறம் மௌரிகிராம், ஆந்துல், சாங்க்ராயில். நான் அவர் மடியில் உட்கார்ந்து கூடவே பாடுவேன். அவர் சட்டையில் பீடி நாற்றம் அடிக்கும். இன்றைக்கும் அந்த நாற்றம் எனக்குப் பிடிக்கும்.

அந்த ஸ்டேஷன் ஒன்றிலும் அவர் இறங்கியதில்லை. ஊரிலிருந்து வந்த ஒரு பயணம்தான் அவருக்கு ரயில். கிழவராகி, தூக்கத்தில் போனார். கடைசிவரை அவரைத் தண்ணீர் இழுக்கவில்லை, நெருப்பு சுடவில்லை, ரயில் மோதவில்லை. பத்திரமாக இருந்தார்.

மஞ்சு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கும்போது எனக்கு அந்த ஜன்னல்தான் தெரியும். அம்சாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன.

மாஷிமாவுக்குக் கேட்டது

குவார்ட்டர்ஸை விட்டு வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். மாடியில் வீட்டுக்காரம்மா. வயசானவர், வங்காளி. நாங்கள் மூன்று பேரும் அவரை மாஷிமா என்போம். சின்னம்மா என்கிற மாதிரி. எங்கள் குளியலறையின் காற்று ஓட்டை அவர் மாடிப்படிக்கு நேரே இருந்தது.

மஞ்சுவின் வலிப்பை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பெண் பிள்ளை. அம்சா சொல்ல வேண்டாம் என்றாள். நானும் சரி என்றேன்.

ஒரு நாள் மாஷிமா படியில் நின்று அம்சாவைப் பிடித்துக்கொண்டார்.

"உன் மகள் தினமும் காலையில் சாதகம் பண்றாளே. ஒரு நாள் தவறுறது இல்லை. கீ மிஷ்டி குரல். என்ன இனிப்பு. யார் வாத்தியார்?"

அம்சா என்ன சொல்வாள்? விழுந்தால் தெரியணும் என்று பாடச் சொல்கிறோம் என்பாளா?

"வாத்தியார் இல்ல, மாஷிமா. அவளுக்குப் பாட்டுன்னா உசிரு," என்றாள்.

"அதானே. சில நாள் பேர் பேராக அடுக்கி ஒரு பாட்டு பாடுறாளே. தமிழ் சாமிப் பாட்டா?"

"ஆமா," என்றாள் அம்சா. பொய்யில் இறங்கினது இறங்கியாச்சு.

சரஸ்வதி பூஜை வந்தது. சந்து முனை கிளப்பில் பூஜை. சாயந்திரம் பிள்ளைகள் பாட்டு, ஆட்டம். மாஷிமா போய் மஞ்சு பேரைக் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டும். காரணத்தைத்தான் நாங்கள் மறைத்து வைத்திருந்தோம்.

மஞ்சு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மேடையில விழுந்தா, நைனா?" என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"நான் முன்னாடியே இருப்பேன்."

"நீங்க இருந்தா விழாம இருப்பேனா?"

நான் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன். அம்சாதான், "வேணாம்னா வயித்து வலின்னு சொல்லிடலாம்டி," என்றாள்.

மஞ்சு கொஞ்ச நேரம் சாதத்தைக் கிளறினாள். "தினம் வயித்து வலின்னா அவங்களுக்கு நம்பிக்கை வராது," என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

மேடை

மஞ்சள் சேலை கட்டினாள். அம்சாவுடையது. இடுப்பில் நாலு மடிப்பு மடித்தும் நீளம். கிளப்பில் கிச்சுடி வாசனை, சாமந்திப் பூ வாசனை. பிள்ளைகள் எல்லாம் மஞ்சள். மைக் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது.

நாங்கள் முதல் வரிசை. மாஷிமா அம்சாவுக்குப் பக்கத்தில், சால்வையைப் போர்த்திக்கொண்டு. தன் பிள்ளை பாடப்போகிற மாதிரி.

மஞ்சு வங்காளிப் பாட்டு ஒன்று எடுத்தாள். நன்றாக எடுத்தாள். குளியலறையில் கேட்ட குரல் மைக்கில் கேட்கும்போது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. முதல் அடி போயிற்று. இரண்டாவது போயிற்று.

பாட்டு நின்றது.

நான் எழுந்திருப்பதற்குள் அம்சா மேடையில் இருந்தாள். எப்படி ஏறினாள் என்று தெரியாது. படி அந்தப் பக்கம் இருந்தது. மஞ்சுவைத் தோளைப் பிடித்து அணைத்துத் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துவிட்டாள். விழப்போகிற தலைக்குக் கொடுக்கிற கை.

மஞ்சு நின்றுகொண்டிருந்தாள். நேராக. கண் தெளிவாக இருந்தது.

"அம்மா, வரி மறந்துபோச்சு. அவ்வளவுதான். நான் நின்னுக்கினுதான் கீறேன்."

மைக் அதைச் சந்து முழுக்கச் சொன்னது. தமிழ் யாருக்கும் புரியவில்லை. ஆனால் அம்சாவின் கை இருந்த இடம் எல்லோருக்கும் புரிந்தது. சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அப்புறம் சத்தம் அடங்கியது. மஞ்சு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படி இருந்த பக்கமாக இறங்கினாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். மாஷிமாவும் கூடவே நடந்து வந்தார். வாசலில் நின்று, "மிருகி?" என்று கேட்டார். வலிப்பைத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன்.

"என்னிடம் சொல்லியிருக்கலாமே. நான் மேலேதானே இருக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்க இன்னொரு காது கிடைத்திருக்குமே."

நல்ல மனசோடுதான் சொன்னார். மஞ்சு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு காதா," என்றாள் தமிழில். உள்ளே போய்விட்டாள்.

கேட்டது ஒன்றுதான்

மறுநாள் காலை. வெந்நீர் எடுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்தியது. தண்ணீர் சத்தம் வந்தது. பாட்டு வரவில்லை.

ரொட்டிக் கட்டை நின்றது. "மஞ்சு?"

பதில் இல்லை.

"மஞ்சு, பாடுடி."

பதில் இல்லை. அம்சா கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. உள்ளே தண்ணீர் நிறைந்த வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதற்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள்.

"எனக்குத் தாப்பா வேணும்," என்று உள்ளேயிருந்து குரல்.

"இன்னாடி சொல்ற?"

"தாப்பா வேணும். பாட மாட்டேன்."

அம்சா என்னைப் பார்த்தாள். நான் கதவைப் பார்த்தேன்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற முறை. டாக்டரம்மா எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு மஞ்சுவிடம் தனியாகப் பேசினார். பிறகு எங்களையும் கூப்பிட்டார். "நீயே சொல்லும்மா," என்றார் அவளிடம்.

மஞ்சு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பாட்டு நின்னா நான் விழுந்துட்டேன்னு அர்த்தம்னு அம்மா சொல்லிச்சு. அதனால நின்னா எனக்கே பயமா கீது. விழுந்துட்டேனோன்னு. சோப்பு எடுக்கறப்பகூட பயம். பேசாம இருந்தா பயம். ராத்திரி தூங்கும்போது யாரும் பாடறதில்ல இல்ல, அப்பவும் பயம்."

அம்சா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. வலிப்பு இருக்கிற நிறையப் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் வரும் என்றார். வலிப்புக்கு மருந்து பார்க்கிற மாதிரி இதற்கும் பார்க்கணும். பக்கத்து அறையில் பேசுகிறதற்கென்று ஒரு மேடம் இருக்கிறார், அவரிடம் வரட்டும். வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தனியாக விடுங்கள்.

"தாப்பா?" என்று கேட்டாள் மஞ்சு.

"உள்ளே பூட்டிக்கிட்டு விழுந்தால் அவங்க எப்படி வருவாங்க?" என்றார் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். பாலம் தாண்டும்போது கீழே கங்கை. அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்க்கும்போது எனக்கு வேலை ஞாபகம் வந்தது.

ரயில் கக்கூஸ்

ரயில் கக்கூஸில் உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறோம். யாராவது உள்ளே மயங்கிவிட்டால்? வெளியே ஒரு சின்னக் குழியில் சதுரக் கட்டை இருக்கும். கேரேஜ் சாவியை மாட்டித் திருப்பினால் தாழ் நகரும். எத்தனையோ தாழ் நான் மாற்றியிருக்கிறேன். வீட்டுக் கதவில் போடலாம் என்று அதுவரை தோன்றவில்லை.

ரயில்வே சாமானைத் தொட முடியாது. ஹவுராவில் எனக்குத் தெரிந்த லேத்துப் பட்டறை மிஸ்திரியிடம் போனேன். பென்சிலால் படம் போட்டுக் காட்டினேன்.

"ரயில் பெட்டியை வீட்டில் கட்டுகிறாயா?" என்றார்.

"அதில் கக்கூஸ் மட்டும்," என்றேன்.

பித்தளையில் கடைந்து கொடுத்தார். சாவியும் அவரே செய்தார். மாஷிமாவிடம் கேட்டுக் கதவில் துளை போட்டேன். அவர் படியில் நின்று பார்த்தார். "டிக்கெட் கேட்பாயா?" என்றார். மேடைக்குப் பிறகு அன்றுதான் மஞ்சு வாய்விட்டுச் சிரித்தாள்.

அவளிடம் எல்லாவற்றையும் காட்டினேன். உள்ளே இப்படிப் போடணும். வெளியே இப்படித் திறக்கும்.

சாவியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அன்னிக்கு என் கையில வெச்சீங்களே, அந்தச் சாவியா?"

"அது இல்ல. அது மாதிரி."

"யார்கிட்ட இருக்கும்?"

"என்கிட்ட. கூப்பிட்டுப் பாப்பேன். கதவைத் தட்டுவேன். ரெண்டுக்கும் நீ பேசலன்னாதான் திறப்பேன்."

"அம்மாகிட்ட?"

"நான் வீட்டில இல்லாதப்ப மட்டும்."

யோசித்தாள். "சரி," என்றாள்.

முதல் நாள். தாழ் விழுகிற சத்தம் கேட்டது. டக். அம்சா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. அவ்வளவு அமைதியை அந்த வீட்டில் நாங்கள் கேட்டதே இல்லை. என் உள்ளங்கையில் சாவி வேர்த்தது.

"நைனா, அங்க நிக்காதீங்க. அடியில கால் தெரியுது."

இரண்டு பேரும் சமையலறைக்குப் போனோம். ரொட்டி கருகியிருந்தது.

ஒரு தடவை

பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் கூப்பிட்டேன், பதில் இல்லை. தட்டினேன், இல்லை. சாவி போட்டேன்.

சுவர் ஓரம் விழுந்திருந்தாள். துண்டைப் போர்த்தி ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாளியை நகர்த்தினேன். கூட உட்கார்ந்தேன். அம்சா அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெட்டு நின்றது. மூச்சு சீராயிற்று. நெற்றியில் சின்ன வீக்கம், வேறு ஒன்றும் இல்லை.

கண் திறந்தும் கொஞ்ச நேரம் அவளுக்கு எங்களைத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பிறகு கதவைப் பார்த்தாள்.

"தாப்பாவை எடுத்துடுவீங்களா?"

அம்சா என்னைப் பார்த்தாள். எடுத்துவிடு என்கிற பார்வை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் கையும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடியிருக்கும். குவார்ட்டர்ஸ் ஜன்னல் கண்ணுக்கு வந்தது. மீனின் நடுத்துண்டு வந்தது.

"எடுக்க மாட்டேன்," என்றேன்.

மஞ்சு கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள். வலிப்புக்குப் பின்னால் அப்படித்தான் தூங்குவாள். அம்சா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தாழ் விழுந்தது. டக். அம்சா ரொட்டி தேய்த்துக்கொண்டே இருந்தாள். கட்டையை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் பேச்சு இல்லை.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அந்த மேடத்திடம் பல மாதம் போனாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. ஒரு நாள் தலையில் கிளிப் குத்திக்கொண்டு வந்தாள். அடுத்த துர்கா பூஜைக்குப் பந்தல் பார்க்கப் போனாள். போகிறபோது, "பயமாத்தான் கீது. அதுவும் கூட வரட்டும்," என்றாள்.

பாலிகஞ்ச்

இப்போது மஞ்சுவுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாலிகஞ்சில் ஒரு ஆபீசில் வேலை. தினமும் போய்வர பஸ்ஸில் பாதி நாள் போகிறது. கூட வேலை செய்கிற சோமா என்ற பெண்ணோடு அங்கேயே அறை எடுத்துக்கொண்டாள். போன மழைக்காலத்தில் போன் செய்தாள்.

"நைனா, நம்ம தாப்பாவைக் கழட்டிக்கினு வருவீங்களா?"

கழற்றினேன். பித்தளை கறுத்திருந்தது. அம்சா புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள்.

பாலிகஞ்சில் நான் கதவில் துளை போட்டுக்கொண்டிருக்கும்போது மஞ்சு சோமாவிடம் வங்காளியில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வலிப்பு வரும். எப்போதாவது. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, கூட இரு, நிற்காவிட்டால் போன் செய். கேஸ் அடுப்பை எப்படிப் பற்ற வைப்பது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். வெளியாளிடம் அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டு கேட்டது.

"முதல்ல கூப்பிடணும். அப்புறம் தட்டணும். ரெண்டுக்கும் பதில் இல்லன்னாதான் சாவி," என்றாள் மஞ்சு. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

சாவி சட்டைப் பையில் இருந்தது. எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பைக்குப் பொத்தான் போட்டிருந்தேன்.

சோமா அதை வாங்கிக்கொண்டு, "எங்கே வைக்கட்டும், காக்கு?" என்று என்னைக் கேட்டது. காக்கு என்றால் சித்தப்பா.

"அவளைக் கேள்," என்றேன்.

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் இப்போது நாலு ஸ்க்ரூ ஓட்டையும் ஒரு பெரிய துளையும் இருக்கின்றன. வேறு தாழ் போடவில்லை. இரண்டு பேர்தானே. காலையில் தாழ் விழும் சத்தம் இல்லை, பாட்டும் இல்லை. மாஷிமா படியில் இறங்கும்போது அந்தக் காற்று ஓட்டைக்கு நேரே ஒரு நிமிஷம் நிற்கிறார். பழக்கம்.

போன வாரம் நல்ல குளிர். வெந்நீர் எடுத்துக்கொண்டு போனேன். ஆவி கிளம்பியது. லைஃப்பாய் வாசனை. தலையில் ஊற்றிக்கொண்டிருந்தவன் என்னை அறியாமல் பாடியிருக்கிறேன். ஹவுரா, டிகியாபாடா, தாஸ்நகர்.

ராம்ராஜாதலாவில் நின்றுவிட்டது.

வெளியே ரொட்டிக் கட்டை நின்றது.

"ஏங்க?"

"சோப்பு," என்றேன்.